கொம்பு இருந்த இடம்

உரிகத்தில் ஏறி, நின்றுகொண்டே பங்காருப்பேட்டை,
நின்றுகொண்டே மாலூர்,
கண்டோன்மெண்டில் இறங்கி இரண்டு பஸ்.
ஜக்கூரில் நஞ்சேகௌடரின் கொட்டிலில்
எல்லோரும் பாலுக்கு நிற்கிறார்கள்,
நான் சாணிக்கு.
'ஹாலா, சகணியா?' என்பார் தினமும், தெரிந்தே.

அப்பா தோண்டியது பொன்.
நான் தோண்டுவது இது.
தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்:
கை அதே கைதான்.

பத்தாம் வகுப்பில் அது இரண்டு மதிப்பெண்.
வௌவாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு, மனிதனின் கை
அமைப்பு ஒத்தவை.
வௌவாலின் இறக்கை, வண்ணத்துப்பூச்சியின் இறக்கை
செயல் மட்டும் ஒத்தவை.
எழுதி வாங்கிவிட்டேன்.
மாடு அசைபோடுவதைப் பார்த்தபடி
இப்போதுதான் யோசிக்கிறேன்.
ஹாலும் பாலும் முதல் வகை.
ஹுளுவும் புழுவும் முதல் வகை.
ஹொன்னும் பொன்னும்.
சாணியும் சகணியும்?
தெரியவில்லை.
ஒன்று மற்றதிடம் கடன் வாங்கியிருக்கலாம்,
இரண்டும் போய் மூன்றாம் வீட்டில் வாங்கியிருக்கலாம்.

சாணிக்குள் வண்டு.
ஆண் வண்டின் முன்மார்பில்
நடுவில், கறுப்பாய், ஒரு கொம்பு.

'உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?'
என்று யாரும் இதைக் கேட்க முடியாது.
முளைத்திருக்கிறது.
எங்கிருந்து என்று கேட்பதற்குத்தான்
ஷெணாய் மேடத்துக்கு ஐந்து வருடத்துக்குப் பணம் வந்திருக்கிறது.

காலுக்கு இன்னொரு பூச்சியில் கால் உண்டு சொந்தமாக.
கண்ணுக்குக் கண்.
கொம்புக்கு யார்?
புதுசு என்றால் புதுசுதான்,
சொந்தக்காரரைத் தேடாதீர்கள் என்கிறான் பிரணீத்.
மேடம் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை
நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்:
வெறுங்கை முழம் போடாது.

புழுவுக்கு ஊசி போடுவது என் வேலை.
ஆயிரமாயிரம் மரபணுக்களில்
ஒன்றின் வாயை மட்டும் பொத்துகிற மருந்து.
மூச்சைப் பிடித்துக்கொண்டு போட வேண்டும்,
கை நடுங்கினால் புழு வழிந்துவிடும்.
பாதி அப்படித்தான் போயின.

செவ்வாய்க்கிழமை. நாற்பத்தேழாம் குழி.
கூட்டுப்புழு.
கொம்பு இல்லை.
கொம்பு எழும்பியிருக்க வேண்டிய மார்பில்
பக்கத்துக்கு ஒன்றாக,
ஈரமாய், மடிந்து,
வெங்காயத்தின் உள்தோல் போல

இறக்கை.

பறக்க உதவாது. நகம் அளவு கூட இல்லை.
முன்மார்பிலும் சின்னதாக இறக்கை வைத்திருந்த பூச்சிகள்
முப்பது கோடி வருடத்துக்கு முன்பே
கல்லில் படிந்துவிட்டன.

மேடம் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவேயில்லை.
பிரணீத் மெதுவாகச் சொன்னான்:
ஒரே சுத்தியலை வைத்துத்தான்
கட்டிலும் செய்கிறோம், சவப்பெட்டியும் செய்கிறோம்,
இரண்டும் ஒரு குடும்பமா?
அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.
என்ன செய்ய.

நான் நினைத்துக்கொண்டிருந்தது
வாய் பொத்தப்பட்ட அந்த ஒன்றை.
இத்தனை காலமும் அது
'முளை' என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை போல.
'இங்கே இறக்கை வேண்டாம், வேண்டாம்'
என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
ஒவ்வொரு வண்டிலும், ஒரு தலைமுறை விடாமல்.
அந்த வேண்டாமுக்கும் அடியில்
எது கொம்பாகத் திரண்டது?

ஆல்கஹாலில் போடச் சொன்ன நேரம் ஆறு.
ஆறு பத்துக்குப் போட்டேன்.
ரயில் தவறியது.

பதிவேட்டில் 'கொம்பு' என்றொரு பத்தி.
அந்தச் சொல்லை எழுதவே
முதலில் ஒரு கொம்பு போட வேண்டியிருக்கிறது.
கீழே 'உண்டு', 'இல்லை',
இரண்டே கட்டம்.
நாற்பத்தேழுக்கு இடமில்லை.
பக்கத்திலும் ஓரம் வரை கோடு.

கடைசியில் 'குறிப்பு' என்ற பத்தியை
ஸ்கேல் வைத்து நடுவில் பிரித்தேன்.
இடது பாதியில் குறிப்பு.
வலது பாதிக்கு
இன்னும் தலைப்பு போடவில்லை.