வெள்ளிக்கிழமை அடைத்த பல்

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
மீன்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே என் கிளினிக்.
மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான்
வாயைத் திறக்கச் சொல்வேன்.

பதினோரு மாதம் கழித்து வந்திருக்கிறார் சின்னப்பன்,
கிளேர்வுட் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றும் வேன்காரர்.
"ஐஸ் தண்ணி பட்டா
சுரீர்னு காது வரைக்கும் ஏறுது டாக்டர்.
நீங்க அடைச்ச அதே பல்லு."

நான் அடைத்த அதே பல்.
கண்ணாடியைச் சாய்க்கிறேன்.
கீழ்க் கடைவாயில், அடைப்பின் ஓரமாக,
வெட்டிப்போட்ட நகம்போல ஒரு வெள்ளைக் கோடு.
ஊசிமுனை அங்கே தடுக்கி நிற்கிறது.
கார்டில் என் கையெழுத்து:
வெள்ளி, மாலை மூன்று நாற்பது.
நாலு மணிக்கு மின்சாரம் போகும் நாள் அது.

ஆழமாய்ப் பெட்டி வெட்டியிருந்தேன், மூலைகள் கூராக.
வெள்ளி அடைத்த காலத்தவர்கள் பழக்கிய கை.
வெள்ளி ஒட்டாது; பிடித்து உட்காரப் பெட்டி வேண்டும்.
ரெசின் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும்,
ஒட்டிக்கொண்டு
சுருங்கும்.
நூற்றுக்கு இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் சொல்லக் கூடாது.
நாலு சுவரும் ஒரு தரையும் ஐந்து பக்கம் இழுக்க
தளர்ந்துகொடுக்க மேலே ஒரே ஒரு முகம்.
நீல விளக்கின் இருபது நொடியில்
எந்தச் சுவர் முதலில் கையை விட்டதோ.

"எதுனால இப்படி?"
பஞ்சுருளைக்குள்ளிருந்து கேட்கிறார்.
குழியோட வடிவம், என்றேன்.
பொய்யில்லை.
பஞ்சை நாக்கால் ஒதுக்கிவிட்டு,
"பெட்டி நிறைய ஒரே மூச்சுல கொட்டினா
தக்காளியும் நசுங்கித்தான் போகும்" என்றார்.
என் முகக்கவசத்துக்கு நன்றி.

பழையதைத் தோண்டினேன்.
மூலைகளை உருட்டி, விளிம்பைச் சரித்து,
பெட்டியைக் கிண்ணமாக்கினேன், முடிந்த மட்டும்.
பிறகு பட்டாணி அளவு, சாய்வாக,
எதிரெதிர்ச் சுவர் இரண்டையும்
ஒரே துண்டு தொடாதபடி;
விளக்கு.
இன்னொன்று; விளக்கு.
ஏழு முறை.
வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது,
அடுத்த முறை அதற்கு.

கடிக்கச் சொன்னேன். கொஞ்சம் உயரம்.
தேய்த்தேன். மறுபடி கடித்தார். தலையாட்டினார்.
காசு வேண்டாம் என்றதும்
ஏன் என்று கேட்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

செவ்வாய், காலை ஒன்பது ஐம்பது.
காரணம் என்ற கட்டத்தில்
'குழியின் வடிவம்' என்று எழுதினேன்.
மின்வெட்டு பத்தரைக்குத்தான்.
அடித்துவிட்டுத் திருத்த
நேரம் இருந்தது.