இடது செருப்பு

மூன்றாம் நாளும் சிக்னல் இல்லை.
உரக்கிடங்கு வரிசையில்
தன் இடத்துக்கு இடது செருப்பை நிறுத்திவிட்டு
தண்ணீர் தேடிப் போனாள் எனெலெசி.
டெட்சா மலைச்சரிவில் மழை முந்திக்கொண்டது;
முழங்கால் உயர மக்காச்சோளம்
மஞ்சளாய் நிற்கிறது.

நான்காம் நாள்
மெஷினுக்கு அவள் விரல் தெரியவில்லை.
களை பிடுங்கித் தேய்ந்த ரேகை.
எச்சில் தொட்டு அழுத்தினாள்:
பச்சை விளக்கு,
மானிய விலையில் ஒரு மூட்டை.

அறுவடைக்கு
கலியாட்டி தராசோடு வீட்டுக்கே வந்தான்.
சந்தைக்கு நாற்பது கிலோமீட்டர்,
லாரி வாடகை கேட்டால் விளைச்சலில் மூன்றிலொன்று.
ஐம்பது கிலோ மூட்டையைத் தொங்கவிட்டான்.
முள் நாற்பத்திரண்டில் நின்றது.

"நான் நான்தானா என்று
எச்சில் தொட்டுப் பார்த்தார்கள்.
உன் தராசை
யார் பார்த்தார்கள்?"

சிரித்தான்.
நோட்டுகளை எண்ணி வாங்கினாள்,
ஒன்று கிழிசல்.

செருப்பு
இன்னும் கிடைக்கவில்லை.