கதவுக்கு வெளியே நான்கு

போன குளிர்காலத்தில் இரண்டு செத்தன.
ஒன்று, பஸ் படியில் ஏறும்போதே
உச்சந்தலையில் பட்டென்று முறிந்தது.
மற்றது முறியக்கூட இல்லை.
சார்ஜ் எழுபது, எழுபது என்று காட்டிக்கொண்டே
பாலம் தாண்டுமுன் வாயை மூடிக்கொண்டது.

உலான்பாதரில் ஜனவரி,
பிளாஸ்டிக்குக்கு ஜாதகம் பார்க்கும் மாதம்.

வீட்டிலிருந்து வேலைக்கு ஒன்பது கிலோமீட்டர்.
நடந்தால் மூக்கு போகும்,
பஸ்ஸில் போனால் பொழுது போகும்.
ஒன்றே முக்கால் மணி நேரம், போவதற்கு மட்டும்.
மூக்குக்கண்ணாடி வில்லை தேய்ப்பவள் நான்.
நாள் முழுக்கச் சாணைச் சக்கரத்தின் கீச்சு
காதுக்குள் குடித்தனம் நடத்துகிறது.
திரும்பும்போதாவது அதைக் காலி செய்யவைக்க வேண்டாமா?

தாஷ்ஞாம் நான்கு ஹெட்போன்களை எடுத்து வைத்தான்.
இது இரைச்சலை விழுங்கும்.
இது நாற்பது மணி நேரம் உழைக்கும்.
இது விமானத்தில் பறப்பவர்கள் வாங்குவது, மடித்தால் கையளவு.
நாலாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
கம்பி வைத்தது. துணி சுற்றிய கம்பி.

போட்டுக் கேளுங்கள் என்றான்.
கணப்பு எரியும் கடையில்
எதுதான் நன்றாகப் பாடாது?
"வெளியே தொங்கவிடுங்கள்," என்றேன். "அரை மணி."
"முப்பத்தொன்று மைனஸ், அக்கா."
"அதனால்தான்."

கதவுக்கு வெளியே கயிறு கட்டினான்.
நான்கும் ஆடின, காதில்லாத நான்கு தலைகள்.
நிலக்கரிப் புகைக்குள்ளிருந்து ஒரு பையன் வந்து
தள்ளுபடியா என்று கேட்டுவிட்டுப் போனான்.
உள்ளே உப்பு போட்ட பால் தேநீர்.
அவன் பேசவில்லை. நானும்தான்.
அவனுடைய கண்ணாடியை அப்போதுதான் கவனித்தேன்:
வலது பக்கத் திருகாணி இல்லை,
பல் துலக்கும் நூலால் கட்டியிருந்தான்.

அரை மணி.
விழுங்குவதாகச் சொன்னதன் மெத்தை
நேற்றைய பிசைந்த மாவுபோல் விறைத்திருந்தது.
நாற்பது மணி நேரம் உழைப்பது
சிவப்பாய் இரண்டு தரம் கண்சிமிட்டிப் படுத்தது.
விமானத்துக்குரியதை மடித்துப் பார்த்தேன்.
கீலிலிருந்து ஒரு சின்னச் சத்தம்,
நாங்கள் இருவரும் கேட்டோம்,
அதன் பிறகு அது இரண்டு.

நாலாவதற்கு எஃகுப் பட்டை, பக்கத்துக்கு ஒரு திருகாணி.
நகத்தால் தொட்டாலே தெரியும் எனக்கு,
மரை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதென்று.
போட்டேன். காதுமடல் சுட்டது, குளிரில்.
மொரின் ஹூர். வில் நரம்பைத் தொடுமுன்
வாசிப்பவர் மூச்சை இழுத்தார்.
நாலு வருஷமாகக் கேட்கும் பாட்டு.
அவர் மூச்சுவிடுகிறவர் என்று இன்றுதான் தெரியும்.

"முறிந்ததற்கு யார் கணக்கு?" என்றான்,
சிரிக்காமல்.
நியாயம்தானே.
பாதி விலை எண்ணி வைத்தேன்.
மீதிக்கு அவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி
பையிலிருந்த டப்பாவைத் திறந்தேன்.
ஒன்று புள்ளி நாலு மில்லிமீட்டர். பொருந்தியது.
கண்ணாடி இல்லாத முகத்தோடு அவன்
என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது பஸ்.
தொப்பிக்கு மேல் போட்டால் நழுவுகிறது,
உள்ளே போட்டால் தொப்பி ஏறமாட்டேன் என்கிறது.
கம்பி குளிரில் முறுக்கேறி
கன்னத்தைக் குத்திக்கொண்டே வருகிறது.
சன்னல் பனியைச் சுரண்டிச் சுரண்டி
முன்சீட்டுக் குழந்தை ஒரு ஓட்டை போட்டுவிட்டது,
அதில் ஒரு சிவப்பு விளக்கு, அசையாமல்.

பாட்டை முதலிலிருந்து வைக்கிறேன்.
இடதுபக்கம் ஒரு மயிரிழை மெதுவாகக் கேட்கிறது.
ஹெட்போனா,
இல்லை, பதினோரு வருஷமாக
சாணைக்கு அருகிலிருக்கும் காது அதுதானா?