அவைக்குறிப்பில் விடுபட்டது

பதினாறு ஆண்டுகள்
புவெர்த்தோ மோந்த் வட்டார மன்றத்தில்
அவர்கள் பேசியதை எழுதினேன்.
பேசியதை என்றால்,
பேசியிருக்க வேண்டியதை.
இருமலை நீக்குவேன், வசவை நீக்குவேன்,
பாதியில் நின்ற வாக்கியத்துக்கு
ஒரு பயனிலை தேடிக் கொடுப்பேன்.

எர்சிரா நவெல்கீனுக்கு அந்த உதவி வேண்டியிருக்கவில்லை.
அவர் வாக்கியங்கள் குட்டையானவை,
மட்டி பிளக்கும் கத்தியின் அளவு.
"படகு வரவில்லை. பிள்ளை வந்துவிட்டது. தாய் போய்விட்டாள்."
இதில் நான் எதைத் திருத்த?

சிலோயேவின் தெற்கே ஒரு சின்னத் தீவிலிருந்து
ஒரு படகு, ஒரு பேருந்து, மறுபடி ஒரு படகு,
மறுபடி ஒரு பேருந்து.
கம்பளிச் சட்டையின் ஈரமும் விறகுப்புகையும்
அவருக்கு முன்பே அவைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.
முதல் நாள் வாயிற்காவலர்
துப்புரவுக்கு வந்தவர்கள் பின்வாசல் என்றாராம்.
பின்வாசல் வழியே வந்து உறுப்பினர் நாற்காலியில் அமர்ந்தார்.
அதன்பின் எட்டு ஆண்டும் பின்வாசல்தான்.
வீம்பா என்று கேட்டேன்.
"அந்தப் பக்கம்தான் அடுப்பு இருக்கிறது."

கடல் சிவந்த ஆண்டு
மட்டி எடுக்கத் தடை, நிவாரணம் உண்டு என்றது அரசு.
விண்ணப்பத்தில் தெருப்பெயர், கதவிலக்கம் கேட்டது.
தீவில் தெரு ஏது?
சேறு உண்டு, வேலி உண்டு,
வேலியைத் தாண்டும் பன்றி உண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் திரும்பி வந்தன.
எர்சிரா ஒரு சுண்ணாம்பு வாளியோடு
வீடு வீடாக நடந்தார்.
உடைந்த நங்கூரத் தெரு.
கடிக்கிற நாய்த் தெரு.
இரண்டு சகோதரிகள் பேசிக்கொள்ளாத தெரு.
அமைச்சகம் மறுபேச்சில்லாமல் பணம் அனுப்பியது.
மின்கட்டண ரசீதில் இன்றும் அந்தப் பெயர்கள்.
சகோதரிகள் மட்டும் சமாதானமாகி
பெயரை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தார்கள்.
மனு நிலுவையில் இருக்கிறது.

பிறகு அந்த வாக்கெடுப்பு.
சால்மன் கம்பெனிக்கு
இன்னும் நாற்பது கூண்டுகள், அவர் தீவின் வாய்க்காலிலேயே.
கைமாறாக ஒரு நோயாளிப் படகு,
இரவிலும் ஓடும், மருத்துவச்சியோடு.
எதிர்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.
பார்வையாளர் வரிசையில் அவர் தம்பி
வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

என் குறிப்பு: நவெல்கீன், ஆம்.

பதினான்கு மாதம் கழித்துப் படகு வந்தது.
வெள்ளை நிறம், பக்கவாட்டில் கம்பெனியின் பெயர்,
அவர் பெயரைவிடப் பெரிதாக.
உண்மையில் அவர் பெயர் எங்குமே இல்லை.
துறைமேட்டில் முதுகு காட்டி நின்றவர்களின்
மனைவிமாரும் அதில்தான் பிரசவத்துக்குப் போனார்கள்.
மட்டிப்படுகை ஒரு முனை செத்துப்போனதும் உண்மை.
அடுத்த தேர்தலில் நாற்பத்தொரு வாக்கில் தோற்றார்.
தம்பி வீட்டு வாக்குகள் ஆறு.

ஓய்வு பெற்ற மாதம் நான் அங்கே போனேன்.
உடைந்த நங்கூரத் தெரு, ஏழு.
உருளைக்கிழங்கை மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்:
விதைக்கு, வயிற்றுக்கு, பன்றிக்கு.
நிமிராமல் கேட்டார்:
"அன்றைக்கு என்ன எழுதினாய்?"
"ஆம் என்று."
"அதற்கு முன்னால்?"

அதற்கு முன்னால்
தலைவர் மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார்.
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் எர்சிரா.
தம்பி இருந்த பக்கம் திரும்பினார்;
கண்ணாடியில்லாமல்
அவன் முகம் தெரிந்திருக்காது.
வாட்டர் ஹீட்டர் எங்கோ கொதித்துக்கொண்டிருந்தது.
இரண்டு நிமிடம், என் கைக்கடிகாரப்படி.
மௌனத்தை எழுத விதியில் இடமில்லை.

"ஒன்றும் எழுதவில்லை" என்றேன்.

கையிலிருந்த கிழங்கு அழுகலா இல்லையா என்று
விரலால் அழுத்திப் பார்த்தார்.
எந்தக் குவியலிலும் போடவில்லை.
நான்கு மணிப் படகுக்கு நேரமாகிவிட்டது,
விட்டால் நாளைக்குத்தான் என்று
என்னை எழுப்பிவிட்டார்.