சிவப்பு ஒயினும் சர்க்கரையும்

மே பத்தொன்பது, சவுனாவின் ஈரப் படியில் வழுக்கி
குதிகால் எலும்பு மூன்றாகப் போனது.
பள்ளிப் பேருந்தை ஓட்ட வேறு ஆள் வந்தான்.
எனக்கு வாய்த்தது ஒரு மடக்கு நாற்காலி,
எதிரே பிர்ச் மரம், குப்பைத்தொட்டிக் கொட்டகை,
அதற்கும் அப்பால் வர்காவுஸ் காகித ஆலையின் புகை.

முதல் வாரம் எதையும் பார்க்கவில்லை.
வலியைத்தான் பார்த்தேன்.

பிறகு, கொட்டகையில் யாரோ அடித்த மரப்பெட்டிக்குள்
ஈப்பிடிப்பான் ஒன்று குடியேறியது.
குஞ்சு பொரித்ததும் அது நாளுக்கு எத்தனை முறை
இரையோடு வருகிறதென்று எண்ண உட்கார்ந்து
நானூற்றுப் பன்னிரண்டில் தூங்கிப்போனேன்.
விழித்தபோதும் வந்துகொண்டிருந்தது.

கட்டுப்போட்ட காலின் மேல் ஒரு மதியம்
வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது.
கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெண்ணெய் நிறக் கரை.
இங்கே அதற்குத் துக்கப் போர்வை என்று பெயர்.
எனக்கென்னவோ அது
கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தவளைப் போலிருந்தது.

அந்துப்பூச்சிகள்தான் ஏய்த்தன.
இங்கே ஜூனில் இரவு வருவதில்லை.
வந்தாலும் செருப்பைக் கழற்றாத விருந்தாளியாய்
வாசலோடு திரும்பிவிடும்.
விளக்கு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் மதிக்கவில்லை.
பதினொரு மணி வானத்தின் முன்
என் நாற்பது வாட் எம்மாத்திரம்?

நூலகப் புத்தகம் வழி சொன்னது:
மலிவான சிவப்பு ஒயின், கிலோ சர்க்கரை,
காய்ச்சி, கயிற்றை ஊறப்போட்டு, கிளையில் தொங்கவிடு.
அக்கா மகன் அரசுக் கடையில் வாங்கிவந்தான்.
மேல்மாடி ரைலி காலிப் புட்டிகளை எண்ணினாள்,
நான் பூச்சிகளை எண்ணுவதைவிடக் கவனமாக.

தௌனோ பறவைக்காரர்.
மூன்றாம் எண் வீடு, கழுத்தில் எப்போதும் தொலைநோக்கி.
மாலையில் உழவாரன்களை எண்ணி
என் நோட்டின் இடப்பக்கத்தில் எழுதுவார்:
பதினேழு. பதினாறு. மழை. பதினேழு.
வலப்பக்கம் எனது.
கயிறுகள் தொங்கத் தொடங்கிய நாளிலிருந்து
நோட்டை வேலிக்கு மேலாக வாங்கிக்கொண்டு
காற்றடிக்கும் திசை பார்த்து
எதிர்ப்பக்கம் போய் நிற்பார்.
"பதினோரு வருஷம்," என்றார் ஒருமுறை.
நான் மேலே கேட்கவில்லை.

கயிற்றை அவிழ்த்துவிடுகிறேன் என்றேன்.
"குடிக்கட்டும்," என்றார்.
"அதுகளுக்குக் காலையில் ஆலைக்குப் போக வேண்டாம்.
விளக்கை அணைக்காமல் வீட்டில் யாரும்
உட்கார்ந்திருக்கப்போவதில்லை."
சற்றுப் பொறுத்து, அங்கிருந்தே,
"இன்றைக்கு எத்தனை?"

இருபத்திரண்டு என்றேன்.
உண்மையில் பத்தொன்பது; மூன்று பறக்கத் தெம்பின்றி
புல்லில் கிடந்தன. அவற்றையும் சேர்த்திருந்தேன்.

ஜூலையில் கட்டுப் பிரித்தார்கள்.
கால் வேறு யாருடையதோ போல் வெளுத்து மெலிந்திருந்தது.
ஆகஸ்ட் ஒன்பது, இடப்பக்கத்தில் சுழியம்.
தொலைநோக்கியைத் தட்டிப் பார்த்தார்,
பழுது அதில்தான் என்பதுபோல்.
பத்து, சுழியம். பதினொன்று, சுழியம்.
போனவை போனவைதான் என்று அவருக்குத் தெரியும்;
ஆனாலும் தினம் எழுதினார்.

பள்ளி திறந்தது. பேருந்தின் கிளட்ச்சை
என் குதிகால் மெல்ல நினைவுகூர்ந்தது.
இருட்டும் ஒருவழியாக ஊருக்குத் திரும்பியது.

மாதக் கடைசியில் ஒரு இரவு, நெற்றி விளக்கோடு போனேன்.
மூன்றாவது கயிற்றில் பட்டை உரிந்ததுபோல் ஒரு சாம்பல்.
உள்ளங்கை அகலம்.
ஒளி பட்டதும் மேல் சிறகைச் சற்றே விலக்கியது.
உள்ளே கறுப்புக்கு நடுவில்
ஒரு நீலப் பட்டை.

நான் கூப்பிடவில்லை. மூச்சு இழுத்த சத்தம் கேட்டிருக்கும்.
புல்லில் காலடி. மூக்கைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர்.
தௌனோ வந்து என் தோளருகே நின்றார்.
ஒயின் வாடை கனத்திருந்தது.
அவர் கை வேலிக் கம்பியில் இல்லை, எதையும் பிடித்திருக்கவில்லை.
பூச்சி குடித்தது. நிதானமாக, நாக்குச் சுருள் நீட்டி,
அவசரமே இல்லாமல் குடித்தது.
நாங்கள் பார்த்தோம்.

திரும்பிப் போகும்போது நோட்டைக் கேட்டார்.
சுழியங்களுக்குக் கீழே, இடப்பக்கத்தில்,
ஒன்று என்று எழுதினார்.

பக்கம் மாறியதை நான் சொல்லவில்லை.