சிந்திய தண்ணீர்

உலான்பாத்தர், வடக்குச் சரிவு.
மைனஸ் முப்பத்திரண்டு.
குழாய் பதிக்க வழி அளக்க வந்த துங்கலாக்
கருவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டாள்.
தரை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தது:

தள்ளுவண்டிக் கேன்கள் தளும்பித் தளும்பி
தண்ணீர்க்கடையிலிருந்து ஒவ்வொரு வேலிக்கும்
உறைந்த நூல்.
கடைவாசலில் முழ அகலம்,
ஏற ஏறப் பிரிந்து
கடைசிக் கூடாரத்தில் மயிரிழை.

யாரும் திட்டம் போடவில்லை.
இடம் இருந்தது, வேலி அடித்தார்கள்.
சக்கரம் வழுக்காத பக்கம் தள்ளினார்கள்.
முன்னால் போனவன் தடம் சுலபமாக இருந்தது.

ஓரிடத்தில் மட்டும் கோடு
காரணமில்லாமல் வளைந்தது.

"அங்கே ஒரு நாய்" என்றான்
வண்டி தள்ளி வந்த பையன்.
"எங்கே, காணோமே?"
"நான் பிறக்கும் முன்பே செத்துவிட்டதாம்."

நாய் கட்டியிருந்த இடத்தில் இப்போது மூன்று குடும்பம்.
மூன்று கதவும்
வளைவைப் பார்த்தே திறக்கின்றன.
புகைபோக்கி, மின்கம்பி, கரிமூட்டை,
எல்லாம் அந்தப் பக்கமே.

நேராகப் போனால் பதினொரு மீட்டர் மிச்சம்
என்றது அலுவலகம்.
துங்கலாக் வளைவையே வரைந்தாள்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
பென்சிலால், சின்னதாக,
நாய்
என்று எழுதினாள்.