குதிருக்குள்

சோஹார் துறைமுகத்தில் கோதுமைக்கென்று
எட்டு எஃகுக் குதிர்கள் எழும்பிய வருஷம்
கனடாவிலிருந்து வந்தான் ஜேக்கப் வால்ட்னர்.
கறுப்புக் கால்சட்டை, தோளில் வார்,
மீசையில்லாத தாடி.
குதிரின் உச்சியிலிருந்து தானியத்துக்குள்
வெப்பமானிக் கம்பிகளை இறக்குவது அவன் வேலை.
கம்பி செய்தது அவன் ஊர்ப் பட்டறை.
உன்னுடையதா என்று கேட்டேன்.
எங்களுடையது என்றான்.

அவன் இங்கிலீஷில் எங்களும் நம்மும் ஒரே சொல்.
தமிழில் அது இரண்டு,
நடுவே ஒரு சுவர்.

ஜூன் மாத மத்தியான ஓய்வு.
கன்டெய்னர் நிழலில் லபன் குடித்தபடி சொன்னான்:
ஊரில் யாருக்கும் சம்பளம் கிடையாது.
மணி அடித்தால் ஒரே கூடத்தில் சாப்பாடு.
சட்டைத்துணிகூடத் தலைக்கு இத்தனை முழம் என்று அளந்துதான் வரும்.
ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்
விரட்டப்பட்ட சில குடும்பங்கள்
வழியில் ஒரு போர்வையை விரித்து
வைத்திருந்ததையெல்லாம் அதில் கொட்டினார்களாம்.

"அந்தப் போர்வை இப்ப எங்க?"
சிலுவைதாசன் கேட்டான்.
வால்ட்னர் கொஞ்சம் யோசித்தான்.
"இப்போது அதற்குப் பெயர் வங்கிக் கணக்கு."

சிலுவைதாசன் அன்று ராத்திரி தூங்கவில்லை.
பதினாலாம் நம்பர் அறையில் விளக்கைப் போட்டு
அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தான்.
ஐந்தாம் அதிகாரம் வரை போகவில்லை.
காலி நிடோ டின் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தான்.
"வேதம் உங்களோடது, கணக்கு என்னோடது"
என்று நோட்டை எடுத்தான் குற்றாலிங்கம்.
பீர் முகம்மது ஒன்றும் பேசாமல்
முழுச் சம்பளத்தையும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

முதல் மாசம் குற்றாலிங்கத்தின் தங்கைக்கு வளைகாப்பு.
இரண்டாம் மாசம் பீர் முகம்மதுக்குக் கடைவாய்ப் பல்.
யார் பல்லுக்கு யார் காசு என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டு மாசம்
அறையில் ஒருத்தனும் குறட்டை விட்டதாகக்கூட எனக்கு ஞாபகமில்லை.

மூன்றாம் மாசம் எனக்கு ஓவர்டைம்
முப்பத்தொரு ரியால்.
சேஃப்டி ஷூவில், உள்சோலுக்கு அடியில் வைத்தேன்.
நடக்கும்போது ஒரு பக்கம் உயரமாயிருந்தது.
குற்றாலிங்கம் நோட்டைத் திறந்தான்,
வாயைத் திறக்கவில்லை.
"இந்த மாசம் எனக்கு ஓவர்டைமே வரல" என்றேன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு, மெதுவாக, வட்டம் கோணாமல்
ஒரு பூஜ்யம் போட்டான்.

மறுநாள் ஏழாம் குதிரின் திரையில்
இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தேழு,
நாற்பத்தொன்று.
"ஒரு கையளவு ஈரம்," என்றான் வால்ட்னர்.
"மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.
விட்டால் மொத்தமும் போகும்."
அள்ளிக் கொட்டிவிடுவதா?
"காற்று அடிக்கணும். நாளாகும்."

உங்கள் ஊரில் இப்படி உண்டா என்று கேட்டேன்.
கோதுமையைக் கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

பனிக்காலத்தில் பையன்கள் நரி பிடித்துத்
தோலைக் கள்ளமாக விற்பார்களாம்.
அவனும் விற்றான்.
அந்தக் காசில் ஒரு ரேடியோ வாங்கி
வைக்கோலுக்குள் வைத்தான்.
அவன் அப்பாதான் அங்கே பிரசங்கியார்.
ஒரு ராத்திரி தேடிக்கொண்டு வந்தார்,
வைக்கோலில் பக்கத்தில் உட்கார்ந்தார்,
ஹாக்கி ஆட்டம் முடியும்வரை கேட்டார்.
முடிந்ததும்
ரேடியோவை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.
"யார் ஜெயிச்சாங்க?"
"அதை மட்டும் மறந்துவிட்டேன்" என்றான்.

அன்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு
டின்னில் பத்தொன்பது ரியால் போட்டேன்.
முப்பத்தொன்று போடத்தான் எழுந்தேன்.
கை பத்தொன்பதில் நின்றது.
குற்றாலிங்கம் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்,
தூங்குகிறவன் திரும்புவதுபோல் இல்லை அது.

ஏழாம் குதிருக்குக் காற்றடிக்கும் இரைச்சல்
விடியும்வரை கேம்ப் மட்டும் கேட்டது.

காலையில் திரையைப் பார்த்துச் சொன்னான்:
முப்பத்தெட்டு.